ஏழாவது குழி

லாந்தரைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். முழு வெளிச்சத்தில் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது. டயர் கடை செங்கோடனைத் தெரியுமல்லவா? அவனுடைய மச்சான் குழந்தைவேலுக்கு நடந்தது இது.

எண்பதுகளின் தொடக்கம். விளக்கு வைக்கிற நேரம். ஓமலூருக்கு அந்தப் பக்கம், ஈ காக்கை இல்லாத பொட்டல்... கம்பு விளைந்த காடுகளை எல்லாம் நிரவி, விமானம் இறங்க ஓடுதளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏர்க்காடு பார்க்கச் சிங்கப்பூர்க்காரனும் சீமைக்காரனும் நேராக இங்கேயே வந்து குதிப்பான் என்று ஊரெல்லாம் பேச்சு. நம்மூர் பஸ்ஸே மூச்சு வாங்கி வாங்கித்தான் மலை ஏறும். ஆனாலும் ஆசைக்கு அளவு உண்டா?

குழந்தைவேல் அங்கே ஜல்லி அடிக்கிற லாரிக்கு டிரைவர். கடைசி லோடு. கிளீனர் அன்றைக்கு வரவில்லை. நிரவிய சரிவில் ஏறும்போது டமார்... பின் டயர் போய்விட்டது. ஜாக்கி வைக்க வேண்டுமானால் சக்கரத்துக்கு அணை கொடுக்க ஒரு கல் வேண்டும். சுற்றிப் பார்த்தான். வெட்டிச் சாய்த்த வேம்பு ஒன்று கிடந்தது. அதன் தூரை ஒட்டி வரிசையாகச் சில கற்கள். கடைசியில் இருந்தது சின்னது. தூக்க வாகாக இருந்தது. தூக்கினான்.

சக்கரம் மாட்டி முடித்து முகத்தைத் துடைத்தபோதுதான் கையில் அந்த வாசனை. மஞ்சள். ஈர மஞ்சள்.

அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே, பார்த்ததும் புரிந்துவிட்டது. வேம்படியில் வரிசைக் கல் என்றால் கன்னிமார் சாமிகள். ஏழு பேர். ஒருத்தியை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான். திரும்பக் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். ஆனால் இருட்டிவிட்டது. வீட்டில் மகள் சௌந்திரம், அப்பன் வராமல் வாயில் சோறு வைக்காதவள். காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று லாரியை எடுத்துவிட்டான். முட்டுக் கல்லை நடுப்பாதையில் விட்டுப் போவது லாரிக்காரர்களுக்குப் புதிதா என்ன...

வழி நெடுக, காலியான கிளீனர் சீட்டிலிருந்து கொலுசுச் சத்தம். மெல்ல. யாரோ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. அவன் திரும்பியே பார்க்கவில்லை.

வாசலில் லாரி நின்றதும் சௌந்திரம் ஓடி வந்தாள். அப்பனைத் தாண்டிப் பார்த்தாள்.

“அப்பா, அந்தப் புள்ள ஏன் எறங்காமயே உக்காந்திருக்குது? ஊட்டுக்குள்ள கூப்புடுலயா?”

அன்று இரவே அவளுக்குக் காய்ச்சல்.

விடிந்ததும் விழுந்தடித்து ஓடினான் குழந்தைவேல். அவனுக்கு முன்னாலேயே வேறு லாரிகள் வந்து கொட்டிவிட்டன. கல் கிடந்த இடத்தில் ஜல்லி மலை. இவன் கையால் அள்ள அள்ள, ரோடு ரோலர் வந்து நின்று ஹாரன் அடித்தது. மேஸ்திரி கண்டபடி ஏசினான். அப்புறம் தாரும் ஊற்றியாகிவிட்டது.

வீட்டில் சௌந்திரம் பேச்சை விட்டாள். காய்ச்சல் இறங்கியது... இறங்கி, இறங்கி, சில்லிட்டுப் போனது. பொழுது சாய்ந்தால் வாசலில் கிழக்கே பார்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். அசைய மாட்டாள். பெரியாஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை என்றார்கள். அம்மை குத்திய தழும்பு இடது தோளில் ரெண்டு வட்டமாக இருக்குமே, அதை மட்டும் எப்போதும் சொறிந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அந்தக் கையும் நின்றுவிட்டது.

அவன் மனைவி வசந்தாமணி அழுதாள். “ஏனுங்க, இவளத் தூக்கவே முடியிலீங்க. நேத்தைக்கு இன்னைக்கு கனம் ஏறிட்டே போவுது. மஞ்சளே பூசுல, மேலெல்லாம் மஞ்ச வாசம் அடிக்குதுங்க.”

பெற்றவன் என்ன செய்வான் சொல்லுங்கள். அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர் நாச்சிமுத்துவைத் தேடிப் போய்க் காலில் விழுந்தான். அவர் நிலம் போனபின் சாமிகளைத் தன் புது இடத்துக்குக் கொண்டுவந்து, ஒரு வேம்பங்கன்று நட்டு அதனடியில் வைத்திருந்தார். ஆறு கல். பக்கத்தில் ஒரு குழி, வெறுமனே.

“ஆறுதான் சாமி கெடச்சுது. கன்னிமார ஆறா வெக்கக் கூடாது. அதான் குழி மட்டும் தோண்டி உட்டிருக்கறேன். வாரவ வந்து உக்காந்துக்குவா.”

“அது தாருக்கடியில இருக்குதுங்க. நாந்தானுங்க...”

அவர் அவனையே பார்த்தார். திட்டவில்லை. “உனக்குப் பொட்டப் புள்ள இருக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

இன்ஜினியரிடம் போனான். “ஒரு கல்லுக்காக ரன்வேயப் பேர்க்கறதா?” என்று சிரித்தார். அன்று இரவே குழந்தைவேல் கடப்பாரையோடு போனான். ஓடுதளத்தில் காதை வைத்தான். அடியிலிருந்து டொக்... டொக்... சரியாக அந்த இடத்தில் ஓங்கிக் குத்தினான். சத்தம் நாலடி தள்ளிப் போய்விட்டது. அங்கே குத்தினான். இன்னும் தள்ளிப் போனது. நீண்ட ஓடுதளம் முழுக்க அது முன்னால் போக, இவன் பின்னால் ஓடியிருக்கிறான். நடுவில் டொக் என்பது ஜல் என்று மாறியது. கொலுசு. கை இரண்டும் கிழிந்து ரத்தம். கோழி கூவும்போது சத்தம் ஒரேயடியாக நின்றது. அதற்காகச் சந்தோஷப்பட்டான் பாருங்கள், பாவி...

வீடு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. வசந்தாமணி தெருவில் விழுந்து கிடந்தாள்.

“தூக்க முடியாத புள்ள... எந்திருச்சு நடந்து போவுதுங்க. கையப் புடிச்சேன். என்னையும் இழுத்துட்டுப் போவுது. நிறுத்த முடியிலீங்க.”

மண் தெருவில் சின்னப் பாதங்களின் தடம். ஒவ்வொன்றும் சாண் ஆழம். ஊரைத் தாண்டி, ஏரிக்கரை தாண்டி, நேராக நாச்சிமுத்துவின் காடு வரை போயிருந்தது. அங்கே நாச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார்.

குழி நிரம்பியிருந்தது.

போலீஸ் வந்தது, ஏரியைத் துழாவினார்கள். பிள்ளை கிடைக்கவே இல்லை. புருசன் பெண்டாட்டி இருவரும் சேலத்துப் பக்கம் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் வசந்தாமணி மட்டும் வந்து அந்த ஏழாவது கல்லுக்கு எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். ஒரு முறை நானும் செங்கோடனோடு போனேன். நாச்சிமுத்து சொன்னார், உளி படாத கல் என்று. உண்மைதான். வழவழவென்று இருந்தது.

இடது பக்கம், மேலே மட்டும்... ரெண்டு வட்டத் தழும்பு.