உதைக்கிற காலின் அளவு

விடைகொடுக்கும் இந்த விழாவின் தலைமை நாற்காலியை நிறைத்திருக்கும் கழகத் தலைவர் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் வாடிய முகத்தோடு வீற்றிருக்கும் பயிற்சியாளர் அவர்களே, வெயிலிலும் மழையிலும் விசில் ஊதியே மூச்சைச் செலவழித்த நடுவர் பெருமக்களே, பிள்ளைகளின் சேறு படிந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே கை சிவந்த தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தத் தையற்காரனின் தலைதாழ்ந்த வணக்கம்.

முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். ஏனென்று எனக்கும் இப்போதுதான் தெரிந்தது. கழுத்தில் அளவுநாடா தொங்குகிறது. புதுச்சட்டை போட்டேன், தலையை வாரினேன், கண்ணாடியைத் துடைத்தேன்; கடைசியில் நாடாவோடே மேடையேறிவிட்டேன். பூங்கொத்து கொடுத்த செயலாளர் காதோரம் குனிந்து, "ஐயா, மைக்குக்கும் அளவெடுக்கப் போறீங்களா?" என்றார். இருக்கட்டும், கழற்றவில்லை. இன்றைக்கு இதுவும் என்னோடு இங்கே நிற்க வேண்டியதுதான்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஒன்பதாம் வகுப்பு என்னை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே பேச்சில் பிசிறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தையலில் இருந்தால் மட்டும் கடைக்கு வந்து திட்டுங்கள்.

அதோ, மூன்றாவது வரிசையில், ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவைத்து உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் என் மகன். ஒன்பதாம் எண் சட்டைக்காரன். ஒன்பது ஆண்டுகள் உங்கள் முன்னணி வீரன். என்ன தம்பி, எத்தனை கோலா? நாற்பத்தொன்று. எண்ணிவைத்தவள் அவன் அம்மா. வயதா? இருபத்தாறு. எனக்கு ஐம்பத்தெட்டு, நான் இன்னும் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறில் என் பிள்ளையின் கால் ஓய்வு பெற்றுவிட்டது. இது எந்த ஊர் நியாயம்? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

நடக்கத் தொடங்கிய நாளிலேயே கடையில் நூல்கண்டுகளை உதைத்தவன் அவன். எல்லாவற்றையும் இடது காலால் உதைப்பான். அதனால்தான் நீங்கள் அவனுக்குப் 'பீச்சாங்காலு' என்று பெயர் வைத்தீர்கள். அழகான பெயரா? இல்லை. ஆனால் ஐயாயிரம் பேர் எழுந்து நின்று அந்தப் பெயரைக் கூவும்போது, பெற்றவன் வைத்த பெயர் எனக்கே மறந்துபோகும்.

அவனுடைய முதல் ஆட்டத்தில் பந்து வலைக்குள் போனதும் துள்ளி எழுந்து பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் பொறுமையாக, "பெரியவரே, அது ஆஃப்சைடு. அதோட நான் எதிர் டீமு" என்றார். அன்று தொடங்கி ஒன்பது வருடம் பார்த்தும் ஆஃப்சைடு எனக்கு விளங்கவில்லை. ஆட்டம் எனக்குத் தெரியாது, ஐயா. கால் தெரியும். கால்சட்டை தைப்பவனுக்குக் கால் தெரியாமல் இருக்குமா?

சென்ற ஆண்டின் கடைசி ஆட்டத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "சுளுக்குப்பா, ஒண்ணுமில்ல" என்றான். இரண்டு மாத விடுமுறை. வீட்டில் படியிறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கினான். ஏனென்று நான் கேட்கவில்லை. விடுமுறை முடியும் வாரத்தில் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். அதற்குப் போட்டுப்போக ஒரு கால்சட்டை கேட்டான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். நான் அளவை உரக்கச் சொல்வேன், அவன் அம்மா நோட்டில் எழுதுவாள். பந்தாட்டக்காரர்களுக்கு மட்டும் இரண்டு தொடையையும் அளப்பேன்; உதைக்கிற கால் அரை அங்குலம் பெருத்திருக்கும். அன்றும் அளந்தேன். வலது தொடை இருபத்து நான்கு. உரக்கச் சொன்னேன். இடது தொடையைச் சுற்றி நாடாவை இழுத்தேன். பெருத்திருக்க வேண்டிய கால் இளைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத இளைப்பு. நாடாவுக்குத் தெரிந்த இளைப்பு.

நிமிர்ந்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடது தொடை?" என்றாள் அவன் அம்மா.

"அதேதான்."

"அதேதான்னா? நம்பரைச் சொல்லுங்க, எழுதணும்ல."

"இருபத்தி நாலுன்னே போடேன்."

அவள் தேநீர் போட உள்ளே போனதும் அவன் மெல்லக் கேட்டான். "அப்பா, அந்தக் கால் மட்டும் தொளதொளன்னு தெரியுமா?"

"தெரியாதுடா. அதுக்குத்தான் அப்பன் இருக்கேன்."

இருந்தேன், ஐயா. வலது காலுக்கு ஒரு வெட்டு, இடது காலுக்கு ஒரு வெட்டு. போட்டுப் பார்த்தால் துணி இரண்டு காலிலும் ஒன்றுபோல் விழுந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அருமையாக நான் தைத்ததே இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று தலைவரே கேட்டாராம், "யார் தைச்சது?" என்று. "எங்கப்பா" என்றானாம். அதைக் கேட்டு நெஞ்சு நிமிர்த்தி நடந்தேனே, அந்த நெஞ்சை இன்று எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

புதுப் பருவத்தின் மூன்றாவது ஆட்டம். பந்தை நோக்கி ஓடினான். யாரும் இடிக்கவில்லை. யாரும் தொடவில்லை. பத்தடிக்கு ஆளே இல்லை. தானே விழுந்தான். உங்கள் ஐயாயிரம் குரலும் ஒரே நொடியில் அடங்கியது. அந்த அமைதியில் அவன் கத்தியது, கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

மருத்துவர் நல்லவர். மெதுவாகத்தான் சொன்னார். "முட்டியத் தாங்குற சதை மாசக்கணக்கா கரைஞ்சிருக்கு. அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஆறு மாசத்துல ஓட வெச்சிருக்கலாம். ஒரு டேப்ப வெச்சு யாராவது தொடைய அளந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே, பெரியவரே." என் சட்டைப் பையில் நாடா சுருண்டு கிடந்தது. கையை விட்டு அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வீடு திரும்பும் வழியில் மகன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா." என்னைக் காப்பாற்றுகிறான். கால் போனவன், கண் இருந்தும் மறைத்தவனைக் காப்பாற்றுகிறான்.

என் மகனுக்காகக் கைதட்டிய கைகளுக்கு நன்றி. தூக்கிச் சுமந்த தோள்களுக்கு நன்றி. இந்த மேடைக்கும் மைக்குக்கும் நன்றி. வந்த எல்லோரும் நல்லபடி வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.

உட்காருவதற்கு முன் ஒரு நிமிடம், தலைவர் அவர்களே. மூன்றாவது வரிசையில் அவன் பக்கத்தில் இருப்பவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஏம்மா, அந்த நோட்டில் ஒரு பக்கம் தப்பாக இருக்கிறது. திருத்திக்கொள். இடது தொடை, இருபத்திரண்டரை.