சத்தம் வராத மவுஸ்

மவுஸ் நல்ல மவுஸ்தான், இன்ஸ்பெக்டர் அம்மா. அதை நான் குறை சொல்லவில்லை. பெட்டியோடு என் பையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஒரு கீறல் கிடையாது.

எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ராஜபாளையத்து மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டர் வேலை. எப்சி ஒரே மகள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. எப்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் இருந்தபடியே கோயம்புத்தூர்க் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரைந்தாள். பக்கத்து அறையில் நான் உட்கார்ந்திருப்பேன். மவுஸ் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நின்றால், "ஏட்டி, என்ன பண்ணுத?" என்று கேட்பேன். பெற்றவன் கேட்பது தப்பா? சர்ச் சபையிலிருந்து அவளுக்கு மூன்று வரன் கொண்டுவந்தார்கள். ஒருத்தனும் சரியில்லை. நானே திருப்பி அனுப்பினேன்.

மணிக்கட்டு வலிக்கு டாக்டர் மவுஸை மாற்றச் சொன்னார். ராஜபாளையத்தில் காளிராஜ் கம்ப்யூட்டர் கடைக்கு நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் எவனாவது கண்டதைத் தலையில் கட்டிவிடுவான். அவள் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். ஒன்று உள்ளங்கைக்குச் சின்னது. ஒன்று கனம். கடைசியில் சாய்வாக நிற்கிற ஒன்றை எடுத்தாள். கைகுலுக்குகிற மாதிரி பிடிக்க வேண்டியது.

"கம்பி இல்லாம இது யார்கூடப் பேசுது?" என்றேன்.

"கம்ப்யூட்டர்கூடத்தான், பெரியவரே. உங்ககூடப் பேசுறதுக்கு இன்னும் எவனும் மிஷின் கண்டுபிடிக்கல," என்று இளித்தான் காளிராஜ்.

எப்சியும் சிரித்தாள். பிறகு அதைக் காதுப் பக்கம் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"சத்தமே வராதுல்லாண்ணே?"

"பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காது."

"அதான் வேணும். ஆபீஸ்ல எல்லாரும் நெருக்கி உக்காந்திருப்பாங்க."

எந்த ஆபீஸ் என்று கடையில் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"ஒண்ணாந்தேதி கோயம்புத்தூர்ல சேரணும்ப்பா. ஹாஸ்டல் பாத்தாச்சு."

"ஏட்டி, யாரைக் கேட்டு பாத்த?"

"எனக்கு முப்பத்திரண்டு வயசாகுதுப்பா."

என்னிடமே வயசு சொல்கிறாள். முகம் தெரியாத கம்பெனிக்காரன் கூப்பிட்டால் போய்விடுவாளாம். அவன் எவன், அவன் அப்பன் எவன் என்று ஒரு வார்த்தை விசாரித்தாளா?

எங்கள் மில்லில் பாண்டிசெல்வி என்று ஒரு பெண் இருந்தாள். மிஷினில் மாட்டி ஒரு கை போய்விட்டது. இன்றைக்கும் வன்னியம்பட்டியில் தகப்பனோடுதான் இருக்கிறாள். எங்கேயும் போகவில்லை. அந்த வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். எப்சி புது மவுஸை வைத்து வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்து அறையில் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரிய ஸ்பேனரை எடுத்து முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு போனேன். மவுஸைத் தூக்கித் தள்ளி வைத்தேன். புதுச் சாமான், பாழாகக் கூடாது.

"எங்க வலிக்குன்னு காட்டு," என்றேன்.

கையை மேஜைமேல் வைத்து, இன்னொரு கை விரலால் தொட்டே காட்டினாள். அவ்வளவு நாளில் நான் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

நாலு அடி. முதல் அடியிலேயே எலும்பு முறிந்துவிட்டது. மற்ற மூன்றும் கோபத்தில் அடித்தது. கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான்.

அந்தக் கை இனி வேலைக்கு ஆகாது என்கிறார் டாக்டர். சோறு பிசைந்து ஊட்ட ஆள் வேண்டும், தலை வாரிவிட ஆள் வேண்டும். எல்லாம் நான் செய்வேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிட்டுப் போகிறேன். அப்பாவை உள்ளே விடாதீர்கள் என்று அவள் நர்ஸிடம் அழுததாகச் சொல்கிறீர்கள். அது ஊசி மயக்கத்தில் சொன்னது.