ஆவுடை மேடு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால ஈச்சங்கரைன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல பானை வனையிற வேளார் வீட்டு மருமக ஆவுடை. செய்யாத சூனியத்துக்காக அவளை ஊரைவிட்டே துரத்தப் பாத்தாங்களாம். யாரு? வெளியாளா? அவ கையால கஞ்சி குடிச்சு வளந்த கொழுந்தன் சங்கிலிதான்.

புருசன் இருந்த வரைக்கும் மண்ணு மிதிக்கிறது ஆவுடைதான். மிதிகுழியில இறங்கினா, கடுகத்தனை கல்லு காலுல நெருடினாலும் குனிஞ்சு எடுத்து எறிஞ்சிருவாளாம். அவ மிதிச்ச மண்ணுல வனைஞ்ச சோத்துப்பானைய மாமியா வாங்கினா, மருமக காலத்துக்கும் வருமாம்.

புருசன் செத்தான். "தாலியறுத்தவ கால் மண்ணுல படக்கூடாது மதினி, சூளைக்கு ஆகாது"ன்னான் சங்கிலி. அத்தனை வருசமா ஆன காலு, ஒரே நாள்ல எப்படி ஆகாமப் போச்சு? ஒருத்தரும் கேக்கலியாம்.

சங்கிலியே மிதிச்சான், வனைஞ்சான், சுட்டான். பானையெல்லாம் செவசெவன்னு வந்துச்சு. ஊரே வாங்கிட்டுப் போச்சு. அப்புறந்தான் ஆரம்பிச்சுச்சு. அடுக்களையில சும்மா கவுத்தி வச்ச சட்டி, யாரும் தொடாமலே 'டப்'புன்னு தெறிக்கும். நகத்தளவு சில்லு எகிறி விழும். இந்த வீட்ல சட்டி, அந்த வீட்ல குடம்.

"தானா எப்படிக்கா தெறிக்கும்?"

"காலையில ஆவுடை இந்தப் பக்கமாத்தான போனா? நம்ம அடுக்களையத் திரும்பிப் பாத்திருப்பா."

"இல்லக்கா, பாக்கவே இல்ல. குனிஞ்ச தலை நிமிராமப் போனா."

"பாக்காமப் போனாளா? அப்ப அதுல என்னமோ இருக்குடி!"

பாத்தாலும் குத்தம், பாக்காட்டியும் குத்தம்.

மழைக்கு முந்தி இன்னொரு சூளைப் பானை வித்தாத்தான் வேளார் தெருவுல அடுப்பெரியும். தெறிக்கிற பானைய எவன் வாங்குவான்? கோயில் முன்னால ஊரு கூடுச்சு. சங்கிலி எந்திரிச்சான். "எங்களுக்குத் தெரியாம இவ குழியில இறங்கி மிதிச்சிருக்கா. அந்தத் தீட்டுத்தான் தெறிக்குது. பொழுது சாயிறதுக்குள்ள இவ எல்லை தாண்டணும்."

அவ அழுவான்னு பாத்தாங்க. ஆவுடை, தெறிச்ச சட்டி ஒண்ணைக் கேட்டு வாங்கினாளாம். சில்லு பேந்த குழிக்குள்ள வெள்ளையா மாவு. அதை நகத்தால சுரண்டி, வெத்தலை பாக்கோட மடிச்சு ஊர்ப் பெரியவர்கிட்ட நீட்டினா.

"மென்னு பாருங்க மாமா."

"விசம் வச்சிருப்பா, தொடாதீங்க!"ன்னு பின்னால ஒரு குரல். அவளே பாதியக் கிழிச்சு மென்னா. அதுக்கப்புறந்தான் அவரு மென்னாரு. வாய் செவந்துச்சு.

"சுண்ணாம்புல்ல இது!"

"ஆமா மாமா. மண்ணுல கிடந்த சுக்கான் கல்லு, சுண்ணாம்பாகுற கல்லு. சூளையில வெந்துச்சு, ஈரம் பட்டதும் பூத்துச்சு, பானையத் தள்ளிட்டு வெளிய வருது."

சங்கிலி விட்டானா? "நம்ம மண்ணுல என்னைக்கும் இல்லாத கல்லு இப்ப எப்படி வந்துச்சு? உன் காலு பட்டுத்தான!"

இந்த இடத்துல சாமியே இறங்கி வந்து பதில் சொல்லுச்சுன்னு சிலபேரு மாத்திச் சொல்றாங்க. ஒரு பொம்பளைக்கு வாயிருந்துச்சுன்னு ஒத்துக்க அவ்வளவு கஷ்டம்! சாமியும் வரல, பூதமும் வரல. சொன்னது ஆவுடைதான்.

இன்னைக்கும் ஈச்சங்கரையில புது மண்ணுல முதக் கால் வைக்கிறது தாலியறுத்தவதான். பொறுக்குன கல்லைக் கரையில போடுவா. அப்படிப் போட்டுப் போட்டு வெள்ளையாக் குமிஞ்சதுதான் ஆவுடை மேடு. முதக் கல்லு விழும்போது, அன்னைக்கு அவ கொழுந்தன் மூஞ்சிக்கு நேரா சொன்னதையே சொல்லிப் போடுவாளாம்:

"என் காலு படலியே கொழுந்தனாரே, அதான் தெறிக்குது."