சாதுவான குதிரைக்கு என்ன விலை

வெல்ஷ் போனி என்ற குட்டைக் குதிரை அழகான பிராணி. பெரிய குதிரையைக் கண்டு மிரளும் பிள்ளைகூட அதன் கழுத்தைத் தடவப் பயப்படாது. மொழிபெயர்க்கும் தம்பி இதை இன்ஸ்பெக்டருக்கு அப்படியே சொல்லட்டும். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் செபமாலைமுத்து; ஊர் மன்னார். லண்டன் ஹவுன்ஸ்லோவில், விமானங்கள் தலைக்கு மேலே இறங்கும் ஒரு புல்வெளியை வாடகைக்கு எடுத்துக் குதிரை வாங்கி விற்கிறேன். போன வருடம், தொண்ணூற்றொன்றில், வேல்ஸ் ஏலத்தில் ஒரு சாம்பல் நிறப் போனியை வாங்கினேன். நான்கு வயது, மலையில் திரிந்தது. முதுகில் சேணம் பட்டதில்லை. பழக்காத குதிரைக்கு நானூறு பவுண் நியாயமான விலை. விளம்பரத்திலும் நானூறு என்றுதான் போட்டேன்.

ஹரோவிலிருந்து இராஜேந்திரன் என்ற கணக்காளரும் மனைவி கமலாம்பிகையும் வந்தார்கள். ஒன்பது வயது மகள் ரமாவுக்காம். கமலாம்பிகை குதிரையின் கால்களைச் சுற்றிவந்து பார்த்தார். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

"இவ்வளவு மலிவெண்டால் இதிலை ஏதோ பிழை இருக்கு" என்று கணவரிடம் சொன்னார்.

அவர் சொன்னது சரி. பழக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவரை உறுத்தியது விலை. ஆகவே விலையைத் திருத்தினேன். பக்கத்தில் நிற்கும் கிழட்டுக் குதிரைக்குத்தான் நானூறு, இது ஆயிரத்து இருநூறு என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு வரச் சொன்னேன். அன்று காலை தீனியில் மயக்க மருந்து கலந்தேன். மிருக வைத்தியர்கள் கொடுப்பதுதான், விஷமல்ல. ரமாவைத் தூக்கி வைத்து மூன்று சுற்று நடத்தினேன். பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தது. தாய் சிரிக்கவில்லை.

"ஏன் அண்ணை, இது நித்திரை மாதிரி நிக்குது?"

"சாதுவான குதிரை, தங்கச்சி. என்ரை மகளும் சனிக்கிழமையள்ல இதிலைதான் ஏறி ஓடுறவ."

எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அவர் கைப்பையைத் திறந்தார்.

எட்டாம் நாள் குதிரை ரமாவைத் தள்ளிவிழுத்தியது. கால் சேணத்து வளையத்தில் சிக்கி இழுபட்டதாம். இரண்டு நாள் ஆசுபத்திரியில் இருந்து பிள்ளை இறந்துபோனது.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் விட்டால் கதைப்பார்கள். கமலாம்பிகை என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. இதுக்கு முதல் ஆராவது அதிலை ஏறினவையோ?"

சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். நான் குரலை உயர்த்தவில்லை.

"குதிரை எங்கடை பயத்தை அறிஞ்சிடும், தங்கச்சி. நீங்கள் முதல் நாளிலையிருந்தே சந்தேகப்பட்டனீங்கள்."

அவர் திரும்பிப் போய்ப் பெட்டியடியில் இருந்தார். தன்னுடைய பயம்தான் பிள்ளையைக் கொன்றது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு காரணம் வேண்டும். நான் ஒன்றைக் கொடுத்தேன்.

குதிரையை வைத்திருக்க அவர்களுக்கு மனமில்லை. உதவியாக இருக்கட்டுமென்று நானே திருப்பி எடுத்துக்கொண்டேன். காசைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.

நீங்கள் விசாரிப்பது ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்துப் பிள்ளையின் மரணத்தைப் பற்றி. அந்தப் பிள்ளையை விழுத்தியதும் இதே குதிரைதான். அவர்களுக்குக் குதிரையைக் காட்டிய அன்றும் அதே மருந்தைத்தான் கொடுத்தேன். முறையாகப் பழக்க ஆறு மாதம் பிடிக்கும். அவ்வளவு காலம் தீனி போட எனக்கு வசதியில்லை. விலை ஆயிரத்து ஐந்நூறு. தகப்பன் யாக்கோப்பு எங்கள் பங்குக் கோவில் ஆள், கவனமான மனிதர். முன்பு யாராவது இதில் ஓடியிருக்கிறார்களா என்று இரண்டு தரம் கேட்டார்.

ஹரோவில் ஒரு சின்னப்பிள்ளை இதில் ஏறி ஓடினவ என்று சொன்னேன். அவருக்கு நான் பொய் சொல்லவில்லை.