ஏழாம் குறிக்குப் போகும் வண்டிப்பாதை

04.02.2025 செவ்வாய்க்கிழமை காலை 11.00 மணிக்கு சங்கரன்கோவிலில் விசாரணை அதிகாரி முன் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர் ஞானசெல்வி. வயது 46. க/பெ சாம்சுந்தர். கழுகுமலை சாலை, சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம். பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருபத்தொரு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது.

குருவிகுளத்துக்குத் தெற்கே சூரிய மின்தகடு போடுவதற்காக வேலியிட்ட இடத்துக்குள் நான் அத்துமீறி நுழைந்ததாகவும், கேட்டின் பூட்டை உடைத்ததாகவும், இல்லாத பாதையை இருப்பதாக வரைபடம் போட்டுப் பிள்ளைகளை உள்ளே அனுப்பியதாகவும் அந்த இடத்தின் மேலாளர் சுயம்புலிங்கம் புகார் கொடுத்திருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பூட்டை உடைத்தது நான்தான். மற்ற இரண்டும் பொய்.

ஓரியண்டீரிங் என்றால் என்ன, அதற்கு ஏன் காட்டுக்குள் போக வேண்டும் என்று கேட்டதால் சொல்கிறேன். அது கையில் ஒரு வரைபடமும் ஒரு திசைகாட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு தனி ஆளாக ஓடுகிற போட்டி. காட்டில் ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் குறிக்கொடிகளைத் தொங்கவிட்டிருப்போம். அவற்றை வரிசைப்படி கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் இருக்கும் துளைப்பானால் தன் அட்டையில் துளையிட்டுத் திரும்பி வர வேண்டும். யாரிடமும் வழி கேட்கக் கூடாது. 2013ஆம் ஆண்டு, இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த சுபேதார் பவுல்பாண்டியன் அவர்களும் நானும் சேர்ந்து, கரிவலம்வந்தநல்லூர் பக்கம் பதினோரு பிள்ளைகளை வைத்து இதைத் தொடங்கினோம். வேறு வேலை இல்லையா டீச்சர் என்று கேட்காத ஆள் இல்லை. அதன் பிறகு தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் ஆகிய நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்துத் தென்மாவட்ட சாம்பியன்ஷிப்பாக ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் நடத்தவில்லை. இது பதினோராவது போட்டி.

வரைபடத்தை நாங்களேதான் வரைகிறோம். குருவிகுளம் படத்தை 2017இல் வரைந்தேன். விடுமுறை நாட்களில் எட்டு மாதம் நடந்து, உடைமரக் கூட்டம், கிணற்று மேடு, ஓடை, பாறை, பாதை எல்லாவற்றையும் அடிக்கணக்கு வைத்துக் குறித்தேன். ஏழாம் குறி இருக்கும் கிணற்றுக்கு வடக்கே இருந்து போகும் வண்டிப்பாதை அப்போதே அதில் இருக்கிறது. நானாக இட்டுக்கட்டியது அல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள படத்திலும் அது வண்டிப்பாதை என்றே இருக்கிறது, வரவழைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பாதைக்கு இரண்டு பக்கமும் உள்ள நிலத்தை அவர்கள் வாங்கியது உண்மை. பாதையை அவர்களுக்கு யாரும் விற்கவில்லை. அதற்குத் தெற்கே உளுந்தும் பருத்தியும் போட்டிருக்கிற சனங்கள் இப்போது மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள்.

போட்டிக்காக ஊராட்சிக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் படத்தின் நகலோடு கடிதம் கொடுத்திருந்தேன். 29.01.2025 புதன்கிழமை மாலை தடம் முழுவதையும் கடைசியாக ஒரு முறை நடந்து பார்த்தேன். அப்போது வண்டிப்பாதையின் இரண்டு ஓரத்திலும் கல்தூண் நட்டிருந்தது. கம்பி கிடையாது, கேட் கிடையாது. எங்கள் போட்டியில் கண்ணால் கண்டதை மட்டும்தான் வரையலாம், வரப்போவதை வரையக் கூடாது. கம்பி இல்லாத கல்லை வேலி என்று நான் போடவில்லை. மூன்றே நாளில் ஆள் உயரத்துக்கு ஏழு வரி முள்கம்பி கட்டி, கிணற்றுக்குத் தெற்கே பாதையை அடைத்து, வடக்கே பாதையின் குறுக்கே இரும்புக் கேட்டும் போட்டிருக்கிறார்கள்.

02.02.2025 ஞாயிற்றுக்கிழமை காலை 7.30 மணிக்குப் போட்டி தொடங்கியது. மொத்தம் 143 பேர். பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் 19 பேர். அவர்களுடைய தடம் மட்டும்தான் ஏழாம் குறி வழியாகப் போகிறது. லாரி வந்து போவதற்காகக் கேட் திறந்து கிடந்ததால் முதல் 18 பேரும் உள்ளே போய்த் துளையிட்டு, அதே கேட் வழியாக வெளியே வந்துவிட்டார்கள். இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்பியதில் கடைசியாக 9.40க்குப் புறப்பட்டவள் மேலநீலிதநல்லூர் அப்ரீன் பானு, வயது 15. ஒரு மணி நேரத்தில் வந்திருக்க வேண்டிய பிள்ளை 11.40 வரைக்கும் வரவில்லை. எடுத்துப் போன அட்டை அத்தனையும் திரும்பி வரும் வரை முடிவுக் கோட்டை நாங்கள் மூடுவது இல்லை. 142 அட்டை என் கையில் இருந்தது.

அதன் பிறகு அதே பிரிவில் முதலில் ஓடி முடித்து வந்த ஜெயசித்ராவை அழைத்து, வழியில் எதையும் பார்த்தாயா என்று கேட்டேன். "புதுசா வேலி போட்ருக்காவ மிஸ். கேட்டும் இருக்கு" என்றாள். இதை ஏன் வந்ததும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கதான மிஸ், ஓடி முடிச்சவிய தடத்தப் பத்தி வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னீய" என்றாள். அது உண்மை. இன்னும் ஓடாதவருக்கு உதவியாகிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி. பதினோரு போட்டியாக நான் கண்டிப்பாகச் சொல்லி வருவது. 18 பிள்ளைகள் அந்த வேலியைப் பார்த்திருந்தும், ஒருத்தி கூடச் சொல்லாமல் தனி இடத்தில் உட்கார்ந்து கடலை உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். ஆபத்து என்றால் வாயைத் திற என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் என் தவறு என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். அதை நினைத்து இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

அப்போது அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் பைக்கில் வந்து, "டீச்சர், உங்க புள்ள ஒண்ணு உள்ள மாட்டிக்கிட்டு. கேட்டப் பூட்டிட்டானுவ" என்றார். பவுல்பாண்டியனை முடிவுக் கோட்டில் நிறுத்திவிட்டு, நான் என் ஸ்கூட்டியில் அவர் பின்னாலேயே போய் 12.05க்குக் கேட்டை அடைந்தேன். அப்ரீன் பானு கிணற்று மேட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டில் காலியாகக் கிடந்தது. பத்து மணியில் இருந்து அங்கேதான் இருக்கிறாள். திறந்து விடச் சொன்னதற்குக் காவலாளி, "மேனேஜர்தான் பூட்டிச் சாவியக் கொண்டு போயிட்டாரும்மா. நான் என்ன செய்ய?" என்றார். அவர் கூலிக்கு நிற்பவர், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய போனிலேயே சுயம்புலிங்கத்திடம் பேசினேன். பதினைந்து வயசுப் பெண் பிள்ளை என்று சொன்னேன். "களவாங்க வந்தவள அப்படியே விட்டுருவாகளா? சாப்ட்டுட்டு வாரேன், அதுவர இருக்கட்டும்" என்றார்.

அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை என் பிள்ளை வெயிலில் காய வேண்டுமாம். அதன் பிறகு ஒரு கடப்பாரையை வாங்கி, நானே நான்கு அடி அடித்துப் பூட்டை உடைத்தேன். கடப்பாரை யாருடையது என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். இன்னும் பத்து முறை கேட்டாலும் சொல்ல மாட்டேன். கேட்டது நான், அடித்தது நான். வேறு யார் பெயரையும் இதில் சேர்க்க வேண்டாம். கேட்டைத் தாண்டிக் கிணறு வரை அந்த வண்டிப்பாதையில் மட்டுமே நடந்தேன். அவர்கள் நிலத்தில் கால் வைக்கவில்லை.

அப்ரீன் பானுவுக்குத் தண்ணீர் கொடுத்து, கேட்டுக்கு வெளியே கூட்டி வந்து ஸ்கூட்டியில் ஏறச் சொன்னேன். அவள் ஏறவில்லை. அட்டையை நீட்டி, "ஏழு அடிச்சிட்டேன் மிஸ். இன்னும் அஞ்சுதான் இருக்கு, முடிச்சிட்டு வாரேன்" என்றாள். முகம் எல்லாம் உப்புப் பூத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. முடியுமா என்று ஒரு முறைதான் கேட்டேன். நிழலில் கால் மணி நேரம் உட்கார வைத்து அனுப்பிவிட்டு, தூரத்தில் ஸ்கூட்டியிலேயே தொடர்ந்தேன். ஐந்து குறியையும் தானாகவே கண்டுபிடித்து மதியம் 1.26க்கு முடிவுக் கோட்டைத் தாண்டினாள். முடிவுப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 3 மணி 46 நிமிடம், தடம் முழுவதும் முடித்தார் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பட்டியலையும் அவளுடைய அட்டையையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நேற்று மாலை சுயம்புலிங்கம் என் வீட்டுக்கு வந்தார். பள்ளி நிர்வாகத்திலும் பேசிவிட்டதாகவும், வழக்கு என்று ஆனால் என்னை வேலையில் இருந்து நிறுத்தி வைப்பார்கள் என்றும் சொன்னார். அதன் பிறகு ஒரு தாளை நீட்டினார். மேற்படி இடத்தில் வண்டிப்பாதை எதுவும் இல்லை, நான் வரைந்த படம் தவறு என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. "ஒரு கையெழுத்துதானம்மா. போட்டீங்கன்னா நாளைக்கே புகார வாபஸ் வாங்கிருதேன். உங்க போட்டியையும் நீங்க நடத்திக்கிடலாம்" என்றார். என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இப்போதைக்கு என் சம்பளம் மட்டும்தான். நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும், காபி ஆறும் வரை யோசித்தேன். ஆனால் அந்தப் பாதையில் நான் நடந்திருக்கிறேன். 19 பிள்ளைகள் ஓடியிருக்கிறார்கள். அதை இல்லை என்று எழுத எனக்குக் கை வராது. அவர் விட்டுப்போன அந்தத் தாளையும் இத்துடன் கொடுக்கிறேன்.

மேலே எழுதியவை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன. யாரும் மிரட்டியோ தூண்டிவிட்டோ இதைச் சொல்லவில்லை, எல்லாம் நடந்த உண்மை. இதில் கையெழுத்துப் போட்டால் வழக்கு நடக்கும், அந்தத் தாளில் போட்டால் வழக்கு இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் இதில் போடுகிறேன்.

(ஒப்பம்)
சா. ஞானசெல்வி