பூர்வீகம் இத்தாலியாம்

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை, சிட்னியில் செவன் ஹில்ஸ் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் சேலைக்கு மேல் கோட்டுப் போட்ட இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவரின் மகளை ஒரு பிரெஞ்சுக்காரப் பெடியன் பெண் கேட்டிருக்கிறான்.

"பெடியன் நல்லவன். பிரான்சில பிரபு வம்சமாம். ஆனா பூர்வீகம் இத்தாலி. அதுதான் யோசினை."

"ஆரக்கா சொன்னது?"

"முந்தநாள் தாய்க்காரி தேத்தண்ணிக்கு வந்தவ. எல்லாம் விசாரிச்சனான். இத்தாலியிலயிருந்து பட்டு விக்க வந்த ஆக்கள். ராசாவுக்குப் பட்டு வித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு அங்கயே இருந்திட்டினம்."

"எப்ப?"

"நானூறு வருசத்துக்கு முந்தி."

"அக்கா, நீங்கள் சிட்னிக்கு வந்து நாலு வருசம்."

"அது வேற. அவை என்ன இருந்தாலும் வந்தான் வரத்தான், அந்த மண்ணின்ர ஆக்கள் இல்லை."

இளையவர் கைப்பையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"அவ உங்களை ஒண்டும் விசாரிக்கேல்லையோ?"

மூத்தவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"விசாரிச்சவ. எத்தினை தலைமுறையா யாழ்ப்பாணம் எண்டு கேட்டவ."

"என்ன சொன்னனீங்கள்?"

"உள்ளதைத்தான். எங்கட பூட்டன் மலையாளக் கரையிலயிருந்து புகையிலை வாங்க வந்தவர். வந்த இடத்தில கலியாணம் முடிச்சு அங்கயே இருந்திட்டார்."

"அதுக்கு?"

"'அப்ப நல்ல பொருத்தம்' எண்டவ."

"பிறகென்ன யோசினை?"

"பொம்பிளை வீட்டார் எண்டா கொஞ்ச நாளைக்கு யோசிக்கத்தானே வேணும்."