எலி கடித்த ஒயர்

காஜா: பாக்ஸுக்குப் பின்னால எவ்ளோ நேரம்டா குந்திக்கினு இருப்ப? எழுந்து வா.

சுபாஷ்: பசங்க போய்ட்டாங்களா பாய்?

காஜா: போய்ட்டானுங்க. "சுபாஷ் அண்ணன் உள்ள வந்தாரா"ன்னு கேட்டானுங்க. "இது மைக் செட் கடை, ஸ்பீக்கர்தான் இருக்குது, வேணுமா"ன்னேன்.

சுபாஷ்: பெரிய உதவி பாய். வடக்கனந்தல்ல பஸ்ஸ வுட்டு எறங்கினதுலேருந்து செல்ஃபி, செல்ஃபி...

நூர் பீவி: யாருங்க அது கடைக்குள்ள... அட! கரும்பு லோடு!

சுபாஷ்: அது ஆல்பம் பேருக்கா. என் பேரு சுபாஷ்.

நூர் பீவி: தெரியும்பா. ஒம்பது பாட்டும் கேட்டுட்டேன். ஹிப் ஹாப்பாமே? பாதி புரியல. ஆனா பரோட்டாவுக்கு மாவு பெசையும்போது போட்டா கை தானா ஓடுது.

காஜா: போதும் நூரு. எதிரிக்கு ஒரு டீ போட்டுக் குடு.

சுபாஷ்: எதிரியா? பாய்...

காஜா: பின்ன? அஞ்சாவது பாட்டு யாரப் பத்தி? "மைக் ஒயரப் புடுங்குன பாயி, இப்ப மைக்கே என் வாயி!" ரெண்டு கோடி பேரு கேட்டுட்டான்.

சுபாஷ்: அது... ஏதோ ஒரு வேகத்துல எழுதினது.

நூர் பீவி: நல்லாத்தான இருக்குது? பாயி, வாயி...

காஜா: நீ எந்தக் கட்சி?

நூர் பீவி: பாட்டு கட்சி.

சுபாஷ்: நீங்களாவது கேக்குறீங்கக்கா. மெட்ராஸ்ல ஒருத்தர் "சத்தம் ஜாஸ்தி, விசயம் கம்மி"ன்னு எழுதிட்டாரு.

காஜா: சத்தம் ஜாஸ்தி இல்ல. பேஸ் ஜாஸ்தி. உன் கொரல அமுக்குது. மிக்ஸிங் பண்ணவன் காதுல பஞ்சு வச்சிருந்தான் போல.

சுபாஷ்: எங்கம்மா, "ஒம்பது பாட்டுல ஒரு சாமி பேரு கூட இல்லயேடா"ன்னு ஒரே பாட்டு. வெள்ளிமலைல ஒரு அண்ணன் புடிச்சிக்கினாரு. "கல்வராயன் மலையப் பத்திப் பாடுற. பனி வருது, அருவி வருது... அங்க இருக்குற நாங்க எங்கடா?"ன்னு.

நூர் பீவி: நியாயமான கேள்வி. இன்னா சொன்ன?

சுபாஷ்: அடுத்த பாட்டுல வருவீங்கண்ணேன்னேன். "அதுக்கு முன்னாடி ரெண்டு நாளு எங்க வூட்டுல வந்து தங்கு"ன்னுட்டாரு.

காஜா: நல்ல மனுசன். சரி, நீ வந்த சேதி இன்னா?

சுபாஷ்: நாளைக்கு ஆடித் திருவிழாவுல பாடுறேன். அதே மாரியம்மன் கோயில் மேடை.

காஜா: தெரியும். சந்தோசம்.

சுபாஷ்: ஆனா சேலத்துலேருந்து செட்டு வருதுன்னு தர்மகர்த்தா பொன்னுரங்கம் ஐயா சொல்றாரு. சவுண்டு நீங்கதான பாய் போடணும்?

காஜா: வரட்டும். அவங்கிட்ட பெரிய பெரிய பாக்ஸா இருக்குது.

நூர் பீவி: இன்னா வரட்டும்? இவங்க அத்தா காலத்துலேருந்து இருபத்திரெண்டு வருசமா அந்தக் கோயிலுக்கு நம்ம செட்டுதான். போன மாசம் கமிட்டில "ஒயரப் புடுங்குற ஆளு நமக்கு வேணாம்"னுட்டாங்க. உன் பாட்டு வந்த பொறவு புள்ளைங்க இவரப் பாத்தாலே பாடுதுங்க. சிரிச்சிக்கினேதான் வராரு. வூட்டுல சோறு எறங்கல.

காஜா: நூரு! டீ பொங்குது பாரு.

நூர் பீவி: இன்னும் அடுப்பே பத்த வைக்கல.

சுபாஷ்: பாய்... பாட்டு இவ்ளோ தூரம் போவும்னு நான் நெனைக்கல.

காஜா: வுடு. போச்சே, அது நல்லதுதான?

சுபாஷ்: ஒண்ணு கேக்குறேன். எட்டு வருசம் முன்னாடி, நான் மொத மொதல்ல அந்த மேடைல பாடும்போது... ஒயர ஏன் புடுங்கினீங்க?

காஜா: நான் எங்க புடுங்கினேன்? எலி கடிச்சிருச்சி.

நூர் பீவி: போன வாரம் ஃபீஸ் போச்சின்னீங்க.

காஜா: எலி கடிச்சி ஃபீஸ் போச்சி.

நூர் பீவி: என் தம்பிகிட்ட, பள்ளிவாசல்ல பாங்கு நேரம், அதான் நிறுத்தினேன்னீங்க.

சுபாஷ்: பாங்குக்கு வருசா வருசம் கோயில்ல மைக்க நிறுத்துறதுதான? நான் மேடை ஏறினது அதெல்லாம் முடிஞ்சப்புறம்.

காஜா: இன்னாடா, புருசன வச்சிக்கினு ரெண்டு பேரும் விசாரணையா?

நூர் பீவி: எலி மேல பொய்ப் பழி போட்டா பாவங்க.

காஜா: எலி வந்து கேக்கட்டும், மாப்பு கேட்டுக்கிறேன்.

சுபாஷ்: பாய்... ஒரு உண்மை சொல்றேன். ஒயரு போவறதுக்கு முன்னாடியே...

காஜா: வேணாம்பா. பழசு.

சுபாஷ்: இல்ல, சொல்லிடறேன். மூணாவது வரிலயே எனக்கு எல்லாம் மறந்துபோச்சி. முன்னாடி கூடப் படிச்ச பசங்க... எங்கப்பா... வாயத் தொறக்குறேன், ஒண்ணும் வரல. அப்பத்தான் மைக்கு செத்துது. ஜனம் மொத்தமும் உங்களப் பாத்துக் கத்துச்சி. செருப்பு கூட ஒண்ணு வந்து வுழுந்துது. நானும்... சேந்து கத்தினேன்.

நூர் பீவி: அல்லாவே...

சுபாஷ்: சொல்லிச் சொல்லி அதுதான் நெசம்னு எனக்கே ஆயிப்போச்சிக்கா. அதையே பாட்டும் ஆக்கிட்டேன்.

காஜா: ஓ... மறந்துட்டியா? எனக்குத் தெரியவே தெரியாதுப்பா. நான் எலியப் பாத்துக்கினு இருந்தேன்.

சுபாஷ்: இருங்க, ஒரு ஃபோன்... ஐயா, பொன்னுரங்கம் ஐயாங்களா? சுபாஷ் பேசுறேன். நாளைக்கு மேடைக்கு காஜா பாய் செட்டுதாங்க வேணும்... இல்லிங்க, தப்பு அவரு மேல இல்ல. அன்னிக்கு நான்தான் பாட்ட மறந்துட்டு நின்னேன்... ஆமாங்க, நான்தான்.

காஜா: டேய், ஃபோன வையி! பேரு எடுத்துக்கினு வர்ற நேரத்துல...

சுபாஷ்: மைக்லயே சொல்றேங்க. வெக்கம் இன்னா இருக்குது... சரிங்க. ரொம்ப நன்றிங்க.

நூர் பீவி: இன்னா சொன்னாரு?

சுபாஷ்: சாமி ஊர்வலத்துக்கு சேலம் செட்டாம். மேடைக்கு நம்ம பாய்.

நூர் பீவி: இப்ப நெசமாவே டீ போடறேன். சக்கர தூக்கலா. இன்னாங்க, கண்ணு இன்னாத்துக்கு செவக்குது?

காஜா: பாக்ஸுல தூசி.

சுபாஷ்: பாய்... ஒரே ஒரு பயம்தான். நாளைக்கும் மறந்துட்டா?

காஜா: மறந்தா மறந்துட்டுப் போடா... ஒயரு அன்னிக்கு மாதிரியே என் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கும்.